கடன் கொப்பியில் நின்ற கடைசிப் புத்தகம்

கடைசி அத்தியாயத்தைச் சொல்லி முடித்துவிட்டு எங்கள் வாசிப்பு வட்டப் பிள்ளை ஒருத்தி 'இன்ஹெரிட்டன்ஸ்' புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். ஒருவரும் கதைக்கவில்லை. வாசிகசாலைக்கு முன்னால் லான்ட்மாஸ்டர் ஒன்று பெட்டி குலுங்கப் போய் மறையும் வரைக்கும் அப்படியே இருந்தோம். பிறகு பின்வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான்: "அவ்வளவுதானா ரீச்சர்?"

"அவ்வளவுதான். இருட்டுது, வீட்டை போங்கோ" என்று அனுப்பிவிட்டேன். அது மறுமொழி இல்லை என்று எனக்கே தெரியும். ஒன்றரை வருசமாக நாலு தடித்த புத்தகங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் முடிவில் ஏன் இப்படி வெறுங்கையோடு எழும்பிப் போனார்கள்? பிறகு ஆறுதலாக இருந்து அதைத்தான் யோசித்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். கதையின் முடிவு முழுவதையும் சொல்லப் போகிறேன். இனிமேல்தான் வாசிக்க இருக்கிறீர்கள் என்றால் இந்த இடத்தில் நின்றுகொள்ளுங்கள்.

எங்கே, யார், எப்படி

கிளிநொச்சி நகரில் இருந்து கொஞ்சம் உள்ளே, இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவில் ஓர் ஊர். அங்குள்ள சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் இரண்டு அலமாரியும் ஒரு நீட்டு மேசையும் நாலு வாங்கும் உண்டு. 2022 இல் பெற்றோல் இல்லாமல் ரியூசன் எல்லாம் நின்றபோது, பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாது என்று சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினேன். வந்தவர்கள் ஒன்பது பேர். ஓ.எல். எடுத்தவர்கள், ஏ.எல். படிப்பவர்கள். போர் முடிந்த 2009 இல் இவர்களுக்கு மூன்று, நாலு வயது. சிலர் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில்தான் நேசறிக்குப் போனவர்கள்.

புத்தகங்கள் கனடாவில் இருந்து ஒரு பார்சலில், பால்மாப் பேணிக்கும் உடுப்புக்கும் இடையில் வந்தவை. கிறிஸ்தோபர் பவுலினி எழுதிய நாலு பாகத் தொடர். முதற் பாகம் 'எராகன்', கடைசிப் பாகம் 'இன்ஹெரிட்டன்ஸ்'. ஆங்கிலம் என்றவுடன் பிள்ளைகள் பின்னுக்குப் போனார்கள். எழுதியவர் பதினைந்து வயதில் தொடங்கினவர், வீட்டிலேயே படித்தவர், 2002 இல் தாய்தகப்பன்தான் முதலில் சொந்தக் காசில் அச்சடித்துக் கொடுத்தார்கள், அடுத்த வருசம்தான் பெரிய பதிப்பகம் ஒன்று எடுத்தது என்று சொன்ன பிறகுதான் ஒருத்தி கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். "எங்கட வயசில எழுதினவரோ?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஒரு பிரதிதான் இருந்தது. அதனால் ஆளுக்கு ஐந்தாறு அத்தியாயம் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வந்து, சனிக்கிழமை மற்றவர்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதிலும் ஒரு கோளாறு இருந்தது, பிறகு வருகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். அலகேசியா என்ற நாட்டில் எராகன் என்ற கமக்காரப் பெடியனுக்குக் காட்டில் ஒரு நீலக்கல் கிடைக்கிறது. கல் என்று நினைத்தது முட்டை. அதில் இருந்து சஃபிரா என்ற பறவைநாகம் பொரிக்கிறது. (டிராகனுக்குப் பறவைநாகம் என்ற சொல்லை வட்டம்தான் வாக்கெடுத்துத் தெரிந்தெடுத்தது.) பறவைநாகத்தில் ஏறிச் சண்டைபிடித்த வீரர்களை அழித்துவிட்டு கல்பட்டோரிக்ஸ் என்ற மன்னன் நூறு வருசமாக ஆள்கிறான். அவனை இவன் வெல்ல வேண்டும். அவ்வளவும்தான், ஆனால் நாலு பாகம்.

கடன் கொப்பி

முதற் பாகத்தில் ஒரு துறைமுகப் பட்டினம் வருகிறது. அங்கே மருந்து மூலிகை விற்கும் ஏஞ்சலா என்ற பெண், பறவைநாகத்தின் எலும்புகளை உருட்டிப்போட்டு எராகனுக்குச் சாத்திரம் சொல்கிறாள். நீண்ட ஆயுள். உயர்குலத்தில் பிறந்த ஒருத்தி மேல் காதல். குடும்பத்துக்குள்ளேயே துரோகம். நாட்டை விட்டு என்றைக்குமாகப் போவான். அதே வீட்டில் சோலெம்பம் என்ற பூனை வேறு இரண்டு சொல்கிறது: ஆயுதம் தேவைப்படும்போது மெனோவா மரத்தின் வேருக்குக் கீழே பார், எல்லாம் கைவிட்டுப் போனபோது குத்தியன் பாறைக்குப் போய் உன் பெயரைச் சொல், ஆன்மாக்களின் பெட்டகம் திறக்கும்.

இதைச் சொன்ன அன்றைக்கு ஒருத்தி எழும்பி, தன் சி.ஆர். கொப்பியில் பக்கத்துக்கு நடுவே கோடு கீறினாள். இடப்பக்கம் 'வாங்கினது', வலப்பக்கம் 'கட்டினது'. அவளுடைய தகப்பன் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அந்தக் கடையின் கடன் கொப்பி அப்படித்தான் இருக்கும். "இவர் எங்களிட்ட இவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் ரீச்சர். எப்ப கட்டுறார் எண்டு பாப்பம்" என்றாள். ஒரு கதாசிரியர் முன்கூட்டிச் சொல்வதைக் கடன் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. வாசகர் நம்பிக் கொடுப்பதுதானே, கடன்தான்.

இரண்டாம் பாகத்தின் முடிவில் துரோகக் கடன் கட்டப்பட்டது. நண்பனாகக் கூட வந்த மர்ட்டாக், எதிரியின் பக்கம் சிவப்புப் பறவைநாகத்தில் வந்து நின்று, நீ என் தம்பி என்கிறான். அன்றைக்கு வாசிகசாலையில் இருந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். மூன்றாம் பாகத்தில் மெனோவா மரத்தின் கீழ் இருந்து வாள் செய்யும் உலோகம் கிடைத்தது. ஆனால் மரம் அதைச் சும்மா கொடுக்கவில்லை. பதிலுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டது. என்ன எடுத்தது என்று சொல்லவில்லை. எராகனுக்கு அடிவயிற்றில் சின்னதாக ஒரு சுரீர், அவ்வளவுதான். கொப்பியில் புதுக் கடனாக அது ஏறியது. 'மரம் எடுத்தது என்ன?' என்று எழுதிச் சிவப்புப் பேனையால் அடிக்கோடும் போட்டாயிற்று.

கடைசிப் பாகத்தைத் தொடங்கிய அன்று கொப்பியில் ஏழு கடன் பாக்கி நின்றது.

கட்டினவை, கட்டாதவை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மன்னன் சாகும் இடத்தில் பிள்ளைகள் ஏமாறவில்லை. கல்பட்டோரிக்ஸை வாளால் வெல்ல முடியாது என்று ஆசிரியர் நாலு பாகமாகச் சொல்லி வந்திருக்கிறார். அந்த வாக்கை அவர் காப்பாற்றுகிறார். மர்ட்டாக் மனம் மாறி மன்னனின் மந்திரக் காவல்களைக் களைந்த கணத்தில், எராகன் சொல்லே இல்லாத ஒரு மந்திரத்தைப் போடுகிறான்: மன்னன் செய்ததெல்லாம் மற்றவர்களுக்கு எப்படி வலித்ததென்று அவனுக்கு விளங்க வேண்டும். விளங்குகிறது. தாங்க முடியாமல் மன்னன் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறான்.

இதைச் சொல்லி முடிய, வழக்கமாக அதிகம் கதைக்காத ஒருத்தி கேட்டாள்: "விளங்கினா செத்துப்போவினம் எண்டு நீங்கள் நம்புறீங்களோ ரீச்சர்?"

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

அடுத்தது, மன்னன் வெடித்துச் சிதறிய இடத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு பரவுகிறது, சனம் நோயாகிறது, நகரை விட்டு வெளியேற்றப்படுகிறது. வேறு வாசகர்கள் இந்தப் பகுதியில் நின்றிருப்பார்களோ தெரியாது. எங்கள் வட்டம் அரைமணித்தியாலம் நின்றது. கண்ணிவெடி என்று மண்டையோட்டுப் பலகை போட்டுச் சிவப்பு நாடா கட்டின காணிகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இவர்கள். "மீள்குடியேற்றம் எப்ப?" என்பதுதான் முதற் கேள்வி. "ஆர் துப்புரவாக்கினது? எத்தினை வருசம் எடுத்தது?" கதை இதை வேகமாகக் கடந்து அரசியலுக்குப் போய்விடுகிறது. மன்னன் செத்த பிறகும் புத்தகம் நூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் இவர்களுக்கு வேண்டிய பக்கம் இல்லை. இதை ஆசிரியரின் பிழை என்று நான் எழுத மாட்டேன். அமெரிக்காவின் மொன்டானாவில் இருந்து எழுதியவருக்கு அது ஒரு விளைவு, எங்களுக்கு அது காணி.

பெட்டகக் கடன் அரைகுறையாகத்தான் கட்டப்பட்டது. குத்தியன் பாறையைத் திறந்தால் உள்ளே எல்டுனாரிகள், அதாவது உடல் போன பிறகும் பறவைநாகங்களின் உயிரைத் தாங்கும் இருதயக் கற்கள், நூற்றுக்கு மேல். முட்டைகள் இருநூறுக்கு மேல். அழிந்த இனம் என்று மூன்று பாகமாக அழ வைத்துவிட்டு, நாலாம் பாகத்தில் அள்ளிக் கொட்டுகிறார். அப்படியானால் ஏன் இதுவரைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை? எல்லாரும் மறக்கும்படி பறவைநாகங்களே மந்திரம் போட்டுவிட்டனவாம். சொன்னாலும் உடனே மறந்துபோகும். கடைக்காரர் மகள் பேனையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "கொப்பியை எரிச்சுப்போட்டுக் கடனே இல்லை எண்டிற மாதிரிக் கிடக்கு." வலப்பக்கத்தில் 'பாதி' என்று எழுதினாள்.

மெனோவா மரம்தான் பெரிய பகிடி. நாட்டை விட்டுப் போக முன்னர் எராகன் ஒழுங்காகத் திரும்பிப் போய், உனக்கு என்ன வேண்டும் என்று மரத்திடம் கேட்கிறான். மரம் ஒன்றும் கேட்காமல் அவனை அனுப்பிவிடுகிறது. ஒரு வருசமாக ஒவ்வொரு கிழமையும் 'மரம் என்ன எடுத்திருக்கும்' என்று ஊகம் சொல்லி வந்தவர்கள் இவர்கள். பிள்ளை பிறக்காமல் செய்துவிட்டது, பயத்தை எடுத்துவிட்டது, பசியை எடுத்துவிட்டது என்று கொப்பியின் பின்மட்டையில் ஒரு பட்டியலே இருந்தது. ஆசிரியர் கொடுத்ததை விட அந்தப் பட்டியலில் இருந்தவை நல்லவை. அதுவும் ஒரு ஏமாற்றம்தான்: வாசகர் தன் பாட்டில் கட்டிய வீடு ஆசிரியர் கட்டியதை விடப் பெரிதாகிவிட்டால் குடிபுக மனம் வராது.

ஏஞ்சலா உண்மையில் யார் என்பதும் கடைசி வரை வெளிவரவில்லை. அதில் ஒருவருக்கும் கோபம் இல்லை. ஊரில் அப்படி ஒரு கிழவி இருந்தால் யார் என்று யார் கேட்பார்கள்?

அவன் ஏன் போனான்?

உண்மையான கோபம் கடைசிக் கடனில்தான். எராகன் போகிறான். நாடு அவன் பக்கம், கிளர்ச்சிப் படையை நடத்திய நசுவாடா அரசி, மைத்துனன் ரோரனுக்குச் சொந்த ஊரில் பட்டம், பகை தீர்ந்தது. அவனும் அவன் விரும்பும் ஆர்யாவும் தெரிந்தவர் ஆளையே அடக்கிவிடக்கூடிய தங்கள் உண்மைப் பெயர்களை ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் பிரிகிறார்கள். அவள் தன் சனத்துக்கு அரசியாகிவிட்டாள், விட்டுவிட்டு வர முடியாது. இவன் முட்டைகளையும் எல்டுனாரிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஆற்றால் கிழக்கே போகிறான். திரும்பி வருவதில்லை.

காதல் சேரவில்லை என்பது மற்ற நாடுகளில் பலருக்கு மனக்குறை. எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய விசயமாகவே படவில்லை; வேலை, விசா என்று பிரிந்திருக்கும் கலியாணங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் கேட்டதெல்லாம், ஏன் போக வேண்டும் என்பதுதான். புத்தகம் காரணம் சொல்லத்தான் செய்கிறது. பறவைநாகங்கள் பெருகினால் நாட்டுக்குள் இடம் போதாது, சனத்தின் ஆடுமாட்டைத் தின்னும், பழைய வீரர்கள் இருந்த தீவு நஞ்சாகிக் கிடக்கிறது, அரசுகளின் இழுபறிக்குள் அவற்றை வளர்க்கக் கூடாது. தனித்தனியாக எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வழி ஒன்றைப் பத்து நிமிடத்தில் பெடியள் சொன்னார்கள். பறக்கத் தெரிந்தவன், வருசத்தில் ஒரு தரம் வந்துபோனால் என்ன என்பது அதில் ஒன்று. அதற்குப் புத்தகத்தில் நிறைவான விடை இல்லை. தேடிப் பார்த்தால் கடைசியில் நிற்பது முதற் பாகத்துச் சாத்திரம்தான். எலும்பு அப்படி விழுந்தது, ஆகவே போகிறான்.

இந்தப் புத்தகம் சறுக்கியது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஏஞ்சலா எலும்பு உருட்டியபோது ஆசிரியர் கடன் வாங்கினார். கட்டும் நாளில், கடன் இருக்கிறது என்ற எழுத்தையே காசாக நீட்டுகிறார். சொன்னது நடக்கிறது என்பது உண்மை. நடப்பதற்கான காரணம் எராகனுடைய நெஞ்சுக்குள் இருந்து வரவில்லை. மர்ட்டாக்கின் துரோகமும் முன்கூட்டிச் சொல்லப்பட்டதுதான்; ஆனால் அது நடந்தபோது ஒருவருக்கும் சாத்திரம் நினைவுக்கு வரவில்லை. அவனுக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது. கடைசிப் பாகத்தில் சாத்திரம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் இப்படிக் கதைத்துக்கொண்டிருந்த நாள் வாசலில் ஓர் அம்மம்மா இருந்தா. பேத்தியைக் கூட்டிப்போக வந்தவ. "உது கண்ணகை அம்மாளின்ர கதை மாதிரியெல்லோ கிடக்கு" என்றா. எங்களுக்கு விளங்கவில்லை. "மதுரை எரிஞ்சதோட அவவின்ர கதை முடியேல்லையெல்லோ பிள்ளை. அவ வெக்கை ஆறாமல் இஞ்சால வந்தவ."

வன்னியில் இதைத் தெரியாதவர் குறைவு. கண்ணகி ஊர் ஊராகத் தங்கித் தங்கி வந்து, பத்தாவதாக இளைப்பாறிய இடம் வற்றாப்பளை. நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்கள் கிழவி வடிவத்தில் வந்தவளுக்குப் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றி எரியுங்கள் என்றாள், எரிந்தது. தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண். ஆளைக் காணோம். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து உப்புநீரில் விளக்கு எரிக்கிறார்கள்; பரந்தன் வீதியால் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடம் இராது.

அம்மம்மா சொல்லிவிட்டுப் பேத்தியோடு போய்விட்டா. நான்தான் இரவு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவளும் பெரிய நெருப்புக்குப் பிறகு ஊரை விட்டுப் போனவள்தான். ஆனால் போனதற்குக் காரணம் அவளுக்குள்ளேயே இருந்தது: வெக்கை. வந்த இடத்தில் அவளுக்குச் சோறு கொடுக்க ஆள் இருந்தது. எராகன் போகும் இடம் எப்படி இருக்கும், அங்கே யார் புக்கை பொங்குவார்கள், ஒன்றும் தெரியாது. கப்பல் வளைவில் மறையப் புத்தகம் முடிகிறது.

என் முடிவுக்கு விழுந்த அடி

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் பெருமையோடுதான். "அவ்வளவுதானா" என்று கேட்ட அதே பெடியன் கையைத் தூக்கினான். அவனுடைய அண்ணன் 2012 இல் போட்டில் அவுஸ்திரேலியாவுக்குப் போனவன். இன்னும் திரும்பவில்லை.

"போறவைக்குக் காரணம் இருக்காது ரீச்சர். போறதெண்டு முதலே முடிவெடுத்திடுவினம். காரணத்தைப் பிறகுதான் தேடுவினம். அண்ணை போகேக்க அஞ்சு காரணம் சொன்னவன். அஞ்சும் சரியில்லை."

அப்படியானால் புத்தகம் சரியா என்று கேட்டேன். "சரியெண்டு சொல்லேல்லை. உண்மை எண்டு சொல்லுறன்" என்றான்.

வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயங்களை ஆங்கிலத்தில் நானே திரும்ப வாசித்தேன். அவன் சொன்ன எராகன் அதற்குள் இருக்கிறான், மெலிதாக. காரணங்களை அடுக்கும்போது அவனுக்கே முழு நம்பிக்கை இல்லை என்று படும் இடங்கள் உண்டு. ஆனால் ஆசிரியர் அந்த இடங்களில் நிற்பதில்லை. அடுத்த பிரியாவிடைக்கு ஓடுகிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு பிரியாவிடை. எங்கள் கதை சொல்லும் முறையிலும் பிழை இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. வாயால் சொல்லும்போது சண்டை நிற்கும், சந்தேகம் உதிர்ந்துவிடும். கடைசிப் பங்கைச் சொன்னவளுக்கு அடுத்த நாள் பரீட்சை. முப்பது பக்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்தாள். மூன்றாம் பாகத்துக்கும் நாலாம் பாகத்துக்கும் இடையில் ஏழு மாத இடைவெளியும் விழுந்தது. அந்த இடைவெளியில் ஊகங்கள்தான் வளர்ந்தன.

ஆசிரியர் பக்கமும் ஒன்று உண்டு. இது முதலில் மூன்று பாகமாகத்தான் இருந்தது. மூன்றாவது அடங்காமல் பெருத்துப் போக, நாலாகப் பிரிக்கிறேன் என்று 2007 இல் அறிவித்தார். மூன்றாவது 2008 இல் வந்தது, நாலாவது 2011 இல். பதினைந்து வயதில் வாங்கிய கடனை இருபத்தேழு வயதில் கட்டிய மனிசன் அவர். எலும்பு உருட்டிய பெடியனும் கப்பலை அனுப்பியவரும் ஒரே ஆள் இல்லை. சாத்திரத்தை மாற்றி எழுத முடியாது, முதற் பாகம் உலகம் முழுக்க விற்றுப்போயிற்று. அந்த நெருக்கடி எனக்கு விளங்குகிறது. அதற்காக வலப்பக்கத்தில் 'கட்டியாயிற்று' என்று எழுத மனமில்லை.

கொப்பி இப்போது வாசிகசாலை அலமாரியில், நாலாம் பாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2023 கடைசியில் மர்ட்டாக்கை வைத்து அதே உலகத்தில் இன்னொரு புத்தகம் வந்தது. கனடாவுக்குச் சொல்லி எடுப்பிப்போமா என்று கேட்டேன். கடைக்காரர் மகள் அலமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தாள், பாக்கியை எண்ணினாள், மூன்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி நடுவே கோடு கீறினாள்.